மாலை போட்டால் விட முடிகிறது, கழற்றினால் ஏன் முடிவதில்லை? அடிமைப் பழக்கம் பற்றி ஓர் எளிய விளக்கம்

இரவு இரண்டு மணிவரை கொரியத் தொடர் பார்த்துவிட்டு வந்து, "நான் இதுக்கு அடிக்ட் ஆயிட்டேன்" என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறோம். அவருடைய மாமா வாரத்தில் ஐந்து நாள் புளோக்கின் கீழே பீர் டின்னோடு உட்கார்ந்திருந்தால், அதைப் பற்றி வீட்டு வாசலைத் தாண்டி ஒரு சொல் போகாது. அந்த மாமா தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருந்து காவடி எடுத்துவிட்டு, மறுவாரமே பாட்டிலைத் திறந்தால் சித்தப்பா சொல்வார்: "பாத்தீங்களா, வேணும்னா விட முடியுது. எல்லாம் கொழுப்பு." பாலிடெக்னிக்கில் படிக்கும் பெண் எதிர்த்துச் சொல்வாள்: "அது ஒரு நோய் சித்தப்பா, அவரத் திட்டாதீங்க."

இரண்டு பேரும் பாதி சரி. சிங்கப்பூரில் நம் வீடுகளில் இந்தப் பேச்சு இப்படியேதான் ஓடிக்கொண்டிருக்கிறது. சாப்பாட்டு மேசையில் அது ஒழுக்கக்கேடு, மருத்துவர் முன்னால் நோய், போலிஸ் வந்தால் குற்றம், பெண் பார்க்கப் போகும்போது "அப்படியெல்லாம் ஒன்னும் இல்லீங்க". உள்ளே நடப்பது என்ன என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால், எந்தப் பேச்சு எங்கே பொருந்தும் என்று பிரித்துப் பார்க்கலாம்.

காலைக் கோப்பியிலிருந்து தொடங்குவோம்

உணவங்காடியில் தினமும் ஒரு கோப்பி-ஓ குடிப்பவர் ஒருநாள் அதைத் தவறவிட்டால், மதியத்துக்குள் தலை இடிக்கத் தொடங்கும். காரணம் எளிது. மூளையில் அடினோசின் என்றொரு பொருள் விழித்திருக்கும் நேரமெல்லாம் சேர்ந்துகொண்டே போய், "போதும், தூங்கு" என்று சொல்லும். கோப்பியிலுள்ள கஃபீன், அடினோசின் வந்து உட்கார வேண்டிய இடங்களில் முந்திப்போய் உட்கார்ந்துகொள்கிறது. அதனால் களைப்பு தெரிவதில்லை.

மூளையும் சும்மா இருக்காது. இடம் போதவில்லை என்று கூடுதல் இருக்கைகளைப் போடுகிறது. இப்போது பழைய விறுவிறுப்புக்கு ஒரு கோப்பை போதாது, இரண்டு வேண்டும். இதற்குத் தாங்குதிறன் என்று பெயர். கோப்பி வராத நாளிலோ, கூடிப்போன அத்தனை இருக்கைகளிலும் அடினோசின் வந்து நிறைகிறது. தலைவலி, எரிச்சல், அசதி. இவை விலகல் அறிகுறிகள். பொருள் உள்ளே போனால்தான் உடல் சமநிலையில் இருக்கும் என்ற இந்த நிலை, சார்பு.

சரி, இவர் கோப்பிக்கு அடிமையா? கோப்பிக்காக இவர் மனைவியின் சங்கிலியை அடகு வைத்ததில்லை. வயிற்றுப்புண் இருக்கிறது, குறையுங்கள் என்று மருத்துவர் சொன்னால் முணுமுணுத்துக்கொண்டே குறைத்துவிடுவார். சார்பு இருக்கிறது; அடிமைப் பழக்கம் இல்லை.

அப்படியானால் எது அடிமைப் பழக்கம்?

கெடுதல் கண்முன்னே தெரிகிறது, நிறுத்த வேண்டும் என்று தானே பலமுறை தீர்மானிக்கவும் செய்கிறார், ஆனாலும் நிறுத்த முடியாமல் தொடர்கிறார். இதுதான் அடிமைப் பழக்கம். எவ்வளவு குடிக்கிறார் என்ற கணக்கு இதில் இரண்டாம்பட்சம். புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எடுக்கும் நோயாளியின் உடல் மார்ஃபினைச் சார்ந்திருக்கும். அவர் அடிமை அல்லர். மறுபக்கம், சூதாட்டத்தில் உடலுக்குள் ஒரு பொருளும் போவதில்லை. ஆனால் வீட்டையே காலி செய்யும் அடிமைத்தனம் அதில் உண்டு. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலைத் திருத்தியபோது, சூதாட்டக் கோளாறை மது, போதைப்பொருள் இருக்கும் அதே அத்தியாயத்துக்கு மாற்றியது இதனால்தான். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் கணினி விளையாட்டுக் கோளாறையும் தன் பட்டியலில் ஏற்றுக்கொண்டது. கொரியத் தொடர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

சுருக்கமாக: உடல் பழகிப்போவது சார்பு. கெடுதல் தெரிந்தும் கை நிற்காமல் போவது அடிமைப் பழக்கம். இரண்டும் சேர்ந்தும் வரும், தனித்தனியாகவும் வரும்.

பிடிக்கிறது என்பது வேறு, வேண்டும் என்பது வேறு

மூளையில் சுரக்கும் டோபமினை "இன்பம் தரும் ரசாயனம்" என்று வாட்ஸ்அப் தகவல்கள் சொல்லும். அதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகள் வேறொன்றைக் காட்டின. குரங்குக்கு எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது டோபமின் செல்கள் துடித்தன. ஒரு விளக்கு எரிந்தபின் சாறு வரும் என்று குரங்கு பழகிக்கொண்டதும், சாறு வரும்போது அவை அமைதியாக இருந்தன. விளக்கு எரியும்போதே துடித்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே போனது. அதாவது டோபமின், "இதோ வரப்போகிறது, விடாதே" என்று கற்றுக்கொடுக்கும் வாத்தியார். இன்பத்தை அளந்து ஊற்றும் வேலை அதனுடையது அன்று.

இங்கே எரியும் விளக்கின் இடத்தை எது வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளும். சம்பள நாள், குறிப்பிட்ட நண்பரின் தொலைபேசி அழைப்பு, வேலை முடிந்து வரும் வழியிலிருக்கும் காப்பிக்கடையின் பீர் விளம்பரம், புதன், சனி, ஞாயிறு என்று வரும் 4டி லாட்டரிக் குலுக்கல். இவற்றுக்குத் தூண்டுகுறி என்று பெயர். போதைப்பொருளும் மதுவும் சாதாரணச் சாப்பாடோ பாராட்டோ எழுப்ப முடியாத அளவுக்கு டோபமினை எழுப்புவதால், அவற்றோடு சேர்ந்துவரும் தூண்டுகுறிகள் மூளையில் ஆழமாகப் பதிந்துவிடுகின்றன. சூதாட்டம் அதே வேலையை எதிர்பாராமையால் செய்கிறது. எப்போது விழும் என்று தெரியாத பரிசுதான் மனிதனை அதிகம் காத்திருக்க வைக்கும். எண் ஒன்றே ஒன்று தவறிப்போன சீட்டைப் பார்த்து நம்மவர்கள் "கைக்கு எட்டியது வாய்க்கு எட்டல" என்பார்களே, அந்த ஏமாற்றமே அடுத்த சீட்டை வாங்க வைத்துவிடும்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் இன்னொரு படி மேலே போய், மூளையில் "பிடிக்கிறது" என்ற உணர்வுக்கும் "வேண்டும்" என்ற உந்துதலுக்கும் வெவ்வேறு பாதைகள் இருப்பதைக் காட்டினார். பழக்கம் முற்ற முற்ற முதலாவது மங்கும், இரண்டாவது வளரும். பல ஆண்டு குடித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், "இப்பல்லாம் ஒரு சுகமும் இல்ல தம்பி, ஆனா குடிக்காம இருக்க முடியல" என்பார்கள். சாக்குச் சொல்கிறார் என்று கேட்பவருக்குத் தோன்றும். அவர் உள்ளதைத்தான் சொல்கிறார்.

இதோடு, நெற்றிக்குப் பின்னால் இருந்து "பொறு, நாளை வேலை இருக்கிறது" என்று கடிவாளம் பிடிக்கும் மூளைப் பகுதியும் நாளடைவில் தளர்கிறது. அந்தப் பகுதி முழுமையாக முதிர்வதே இருபதுகளின் நடுவில்தான். சிங்கப்பூரில் புகையிலை வாங்கும் வயது படிப்படியாக உயர்ந்து 2021இல் 21 ஆனதற்குப் பின்னால் இந்த நியாயமும் இருக்கிறது.

விரத நாளில் என்ன நடக்கிறது?

இப்போது மாமாவிடம் திரும்புவோம். 48 நாள் தொடாதவர் மறுவாரமே தொடுகிறார் என்றால், முடிந்தும் செய்யாத திமிர் என்பது சித்தப்பாவின் வாதம். விரத நாளில் அவரைச் சுற்றி என்னென்ன மாறுகிறது என்று பாருங்கள்.

கழுத்தில் மாலை இருக்கிறது. பார்ப்பவர்கள் "சாமி" என்கிறார்கள், ஒருவரும் கிளாஸை நீட்டுவதில்லை. குடிக்கும் நண்பர்களே ஒதுங்கிக்கொள்கிறார்கள். விடியலில் குளியல், மாலையில் கோயில் என்று நாளுக்கு ஒரு அச்சு வந்துவிடுகிறது. வழக்கமாகக் குடிக்கும் மாலை ஏழு மணிக்கு அவர் பஜனையில் இருக்கிறார். வீட்டில் தனிச் சமையல், மனைவி முகத்தில் நிம்மதி, பிள்ளைகள் பக்கத்தில் வந்து உட்காருகிறார்கள். முடிவு நாளும் தெரியும்: பூசத்தன்று வேண்டுதல் நிறைவேறும். தூண்டுகுறிகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே நாளில் அகன்று, அந்த இடத்தில் மரியாதையும் வேலையும் துணையும் வந்து உட்காருகின்றன.

மாலையைக் கழற்றிய மறுநாள் இவை அத்தனையும் ஒன்றாகப் போய்விடுகின்றன. பழைய காப்பிக்கடை, பழைய நண்பர்கள், பழைய ஏழு மணி. மன உறுதி 48 நாள் இருந்துவிட்டு ஓடிப்போகவில்லை. அதைத் தாங்கிப் பிடித்திருந்த சுற்றம்தான் கலைந்துபோனது.

இதைப் பெரிய அளவில் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார். அவர்கள் ஊர் திரும்பினால் என்ன ஆகுமோ என்று வாஷிங்டன் கலங்கிப்போனது. லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் திரும்பியவர்களைத் தேடிப்போய்ப் பார்த்தார். அடிமையாகியிருந்தவர்களில் முதல் ஆண்டில் மறுபடியும் அடிமையானவர்கள் 5 விழுக்காடு அளவில்தான் இருந்தனர். போர்க்களமும் அச்சமும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்த மலிவு ஹெராயினும் இல்லாத ஊருக்கு அவர்கள் வந்திருந்தார்கள்.

எல்லாருக்கும் இப்படி அமையாது. இரட்டைப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வுகளின்படி, மதுவுக்கு அடிமையாகும் அபாயத்தில் பாதியளவு பரம்பரையாக வருகிறது. சிறுவயதில் பட்ட அடி, மனச்சோர்வு, தனிமை, பதின்ம வயதிலேயே தொடங்கிவிடுவது ஆகியவை அதைக் கூட்டும். குடித்துப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் அடிமையாவதில்லை என்பதும் உண்மை. "நானும்தான் குடிக்கிறேன், எனக்கு ஒன்னும் ஆகலையே" என்பவருக்கு வாய்த்தது நல்ல நேரம். அதை ஒழுக்கக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சுருக்கமாக: மூளை தவறாகக் கற்றுக்கொண்ட ஒரு பாடம், தளர்ந்த கடிவாளம், சுற்றியிருக்கும் தூண்டுகுறிகள் மூன்றும் சேர்ந்தது அடிமைப் பழக்கம். ஆளுக்குப் பொறுப்பு இல்லை என்று ஆகிவிடாது. தனியாக, பழைய இடத்திலேயே இருந்துகொண்டு அந்தப் பொறுப்பைச் சுமக்கச் சொல்வதுதான் நடக்காத காரியம்.

அரசு விற்றது, அரசு தடுத்தது

ஒரு பொருளைச் சமூகம் எப்படிப் பார்க்கிறது என்பது அது உடலுக்குச் செய்யும் கெடுதலை மட்டும் பொறுத்ததாக எப்போதும் இருந்ததில்லை. சிங்கப்பூரின் கதையே சாட்சி. 19ஆம் நூற்றாண்டில் அபின் இங்கே சட்டப்படியான சரக்கு. விற்கும் உரிமையைக் காலனி அரசு ஏலம் விட்டது. அந்த வருமானம் சில ஆண்டுகளில் அரசு வருவாயில் பாதியை நெருங்கியது. ரிக்‌ஷா இழுத்த, துறைமுகத்தில் மூட்டை தூக்கிய சீனத் தொழிலாளிகள் உடல்வலிக்கு அதைப் புகைத்தார்கள். 1910இல் அரசே வியாபாரத்தைக் கையில் எடுத்தது. போருக்குப் பிறகு 1946இல் தடை வந்தது. முந்தைய நாள்வரை வாடிக்கையாளர், அன்று முதல் குற்றவாளி. உடலுக்குள் இருந்த நோவு அதேதான். 1955இல் செயின்ட் ஜான்ஸ் தீவில் அபின் சிகிச்சை நிலையம் திறந்தபோதுதான் நோயாளி என்ற பெயர் அவர்களுக்குக் கிடைத்தது. நம் பாட்டன்மாருக்கு அபின் இடத்தில் கள்ளுக்கடை இருந்தது. அரசு விற்று அரசே எச்சரிப்பது பழங்கதை என்று நினைத்தால், 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனையை டாஸ்மாக் மட்டுமே செய்துவருவதை நினைத்துக்கொள்ளலாம்.

1970களில் ஹெராயின் பரவியபோது சிங்கப்பூர் கடுமையான பாதையை எடுத்தது. 1971இல் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு, 1973இல் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டம், 1977இல் 'ஆப்பரேஷன் ஃபெரட்' தேடுதல் வேட்டை என்று அடுத்தடுத்து வந்தன. 15 கிராமுக்கு மேல் தூய ஹெராயின் கடத்துவோருக்கு மரண தண்டனை என்பது உலகுக்கே தெரிந்த செய்தி. அதிகம் தெரியாதது, புழங்குபவர்களைக் கையாளும் முறை மெல்ல மாறிவந்திருப்பது. 1998இல் திரும்பத் திரும்பப் பிடிபடும் ஹெராயின் புழங்கிகளுக்கு நீண்டகாலச் சிறை வந்தது. 2019இல் சட்டம் திருத்தப்பட்டு, புழங்கியதைத் தவிர வேறு குற்றம் செய்யாதவர் மூன்றாம் முறையோ அதற்குமேலோ பிடிபட்டாலும் போதைப்பொருள் மறுவாழ்வு நிலையத்துக்கே அனுப்பப்படுகிறார். அங்கே விருப்பப்பட்டு வந்துபோக முடியாது, அடைத்துத்தான் வைப்பார்கள். வெளியே வந்தபின்னும் கண்காணிப்பு தொடரும். கடத்துபவரையும் புழங்குபவரையும் ஒரே தராசில் வைக்காத எண்ணம் இதில் தெரிகிறது.

மருந்தால் மாற்றும் வழியையும் இங்கே முயன்று பார்த்தார்கள். ஹெராயினுக்கு மாற்றாக 2002இல் சுபுடெக்ஸ் என்ற மருந்து வந்தது. பல நாடுகளில் நல்ல பலன் தந்த மருந்துதான். இங்கே சிலர் அதைத் தூக்க மாத்திரையோடு கரைத்து ஊசியில் ஏற்றத் தொடங்கினார்கள். கைகால் அழுகிப்போனவர்கள் உண்டு. 2006 ஆகஸ்ட்டில் அதுவும் தடைப்பட்டியலின் மேல்வகுப்புக்குப் போனது. மாத்திரையைக் கொடுத்துச் சுற்றத்தை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டியதில்லை என்பது என் எண்ணம். மருந்து போதைப்பொருளாக மாறுவதை அண்மையில் மறுபடியும் பார்த்தோம். மின்சிகரெட்டில் கலந்து வந்த எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து, 2025 செப்டம்பர் 1 அன்று 'சி' வகைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

கண்ணில் படும் குடி, படாத குடி

மதுவும் சூதாட்டமும் சட்டத்துக்கு உட்பட்டவை என்பதால் அங்கே வேலி வேறு மாதிரி. 2013 டிசம்பர் 8 தேக்கா (லிட்டில் இந்தியா) கலவரத்துக்குப் பிறகு 2015இல் வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம், இரவு 10.30 முதல் காலை 7 வரை தீவு முழுக்கப் பொது இடத்தில் குடிப்பதைத் தடுத்தது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வாரயிறுதி முழுவதும் தடை. தூண்டுகுறியையும் கைக்கெட்டும் வாய்ப்பையும் குறைக்கும் ஏற்பாடு என்ற அளவில் அதில் அறிவியல் இருக்கிறது. ஆனால் வாரம் ஆறு நாள் உழைத்துவிட்டு, உட்கார வேறு இடமில்லாமல் புல்தரையில் உட்காரும் தொழிலாளியின் பீர்தான் நம் கண்ணை உறுத்துகிறது. பத்தாவது மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு அதைவிட இரண்டு மடங்கு குடிப்பவர் "டென்ஷன் பார்ட்டி" என்ற பெயரோடு தப்பிவிடுகிறார். ஈரல் இந்த வித்தியாசத்தை அறியாது.

சூதாட்டக்கூடங்கள் 2010இல் திறந்தபோதே குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நுழைவுக் கட்டணம் வைத்தார்கள். 2019 முதல் ஒரு நாளுக்கு 150 வெள்ளி. தன்னைத்தானே தடுத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். குடும்பத்தாரும் சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்திடம் தடையாணை கேட்கலாம். கடிவாளம் தளர்ந்தவரின் கையிலிருந்து அதை வாங்கி, வாசலில் இருக்கும் காவலரிடம் கொடுக்கும் இந்த ஏற்பாடு விரத மாலையின் வேலையைத்தான் செய்கிறது.

வீட்டுக்குள் செய்யும் வைத்தியம்

நம் குடும்பங்களில் மூன்று வைத்தியம் பிரபலம். முதலாவது, "ஒரு கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடுவான்." இதில் சரியாவது ஒன்றுமில்லை. ஒரு பெண் தெரியாமல் உள்ளே வந்து மாட்டிக்கொள்கிறாள். அவனுடைய தூண்டுகுறிகளில் வீட்டுச் சண்டையும் சேர்ந்துகொள்கிறது. இரண்டாவது, கடனை அடைப்பது. ஆலோங் (சட்டவிரோதமாக வட்டிக்கு விடுபவன்) வந்து வாசலில் சாயம் ஊற்றிவிட்டுப் போனதும் அக்காள் சேமிப்பை எடுத்துக் கொடுக்கிறாள், "இதுதான் கடைசி" என்று. தோற்றதன் வலி அவனுக்குத் தெரியாமலே போகிறது. மூன்றாவது, மூடிமறைப்பது. முதலாளிக்கு "காய்ச்சல்" என்று அண்ணி தொலைபேசியில் சொல்கிறாள். எல்லாம் அன்பால் செய்வதுதான். பலன் என்னவோ, சிகிச்சைக்குப் போகும் நாளைத் தள்ளிப்போடுவது.

வெட்கம்தான் இங்கே மிகப் பெரிய தடை. கோயிலில், கல்யாணத்தில், சங்கக் கூட்டத்தில் என்று எல்லாரும் எல்லாரையும் அறிந்த சிறிய சமூகம் நம்முடையது. செய்தி கசிந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. ஆனால் தனியே ஒளிந்து குடிப்பவரைத் தாங்கிப் பிடிக்க ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

முதல் அடி எடுப்பவர்கள் அறிய வேண்டியவை

தினமும் நிறையக் குடிப்பவரை "இன்னையோட நிறுத்து" என்று வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். கோப்பியை நிறுத்தினால் தலைவலியோடு போய்விடும். மதுவைத் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, இல்லாததைப் பார்ப்பது என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். முற்றிய குடிக்காரர் விரதம் தொடங்கும் முன்பும் இதை நினைவில் வையுங்கள். முதல் சில நாட்கள் மருத்துவர் பார்வையில் இருப்பதே பாதுகாப்பு.

அந்த நாட்கள் கழிந்ததும் சிகிச்சை முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அப்போதுதான் தொடங்குகிறது: தூண்டுகுறிகளை அடையாளம் காண்பது, மாலை ஏழு மணிக்கு வேறு வேலை வைப்பது, ஒத்த அனுபவமுள்ளவர்களின் கூட்டத்துக்குப் போவது. நின்றுபோன பழக்கம் திரும்புவதற்கு மறுசறுக்கல் என்று பெயர். அடிமைப் பழக்கத்தில் அது 40 முதல் 60 விழுக்காட்டினருக்கு நேர்கிறது. இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா நோயாளிகள் மருந்தை ஒழுங்காக எடுக்காமல் மறுபடி படுப்பதும் ஏறக்குறைய அதே அளவில்தான். கொதிப்பு ஏறினால் மருந்தை மாற்றுகிறோம். குடித்துவிட்டு வந்தால் "எல்லாம் வீண்" என்று கைகழுவுகிறோம்.

மனநலக் கழகத்தில் அடிமைப் பழக்கங்களுக்கான 'நேம்ஸ்' (NAMS) என்ற பிரிவு மது, போதைப்பொருள், சூதாட்டம், கணினி விளையாட்டு என எல்லாவற்றுக்கும் சிகிச்சை தருகிறது. தொலைபேசி எண் 6732 6837. சிறையிலிருந்தும் மறுவாழ்வு நிலையத்திலிருந்தும் வருவோருக்கு இந்து அறக்கட்டளை வாரியம் 'ஆசிரமம்' என்ற இடைக்கால இல்லத்தை நடத்திவந்திருக்கிறது. போதைப்பொருள் விஷயத்தில் மட்டும் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள்: புழங்குபவர் என்று சந்தேகிக்கும் நோயாளியைப் பற்றி மருத்துவர் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். மதுவுக்கும் சூதாட்டத்துக்கும் அந்த விதி கிடையாது. பழக்கத்தில் சிக்கியவர் சிகிச்சைக்கு வர மறுத்தால் மனைவியோ பிள்ளையோ நேம்ஸை அழைத்து, தாங்கள் என்ன செய்யலாம், எதை நிறுத்தலாம் என்று கேட்கலாம்.